தலைமாட்டில் நிற்கும் அந்நியர்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில், பிரிட்டிஷ் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் கோவிட் நோயினால் மூச்சுத் திணறி, லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோது, பிழைப்பாரோ மாட்டாரோ என்று சொல்ல முடியாதிருந்த இரண்டு நாட்கள் அவருடைய தலைமாட்டை விட்டு அகலாமல் கவனித்துக்கொண்டவர்கள் இரண்டு தாதியர். ஒருவர் நியூசிலாந்தின் தென்கோடி ஊர் ஒன்றிலிருந்து வந்த பெண்மணி. மற்றவர் போர்ச்சுகல் தேசத்து இளைஞர். குணமடைந்து வெளியே வந்த அன்று பிரதம மந்திரி அவ்விருவரையும் பெயர் சொல்லி, அவர்களுடைய ஊரையும் சொல்லி, தேசத்தார் அனைவரும் கேட்க நன்றி கூறினார்.

ஆறு வாரம் கழிவதற்குள், அந்த ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்க்கரையில் நிற்கும் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்து பிரிட்டனில் வேலை செய்வோர், விசா வாங்கும்போதே, தலைக்கு ஆண்டொன்றுக்கு 400 பவுண்டு வீதம், தங்கப்போகும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே சுகாதாரக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது அப்போது அந்நாட்டுச் சட்டமாக இருந்தது. வருமான வரியும் தேசியக் காப்புறுதிச் சந்தாவும் மற்றவர்களைப்போலவே செலுத்திவிட்டு, அதற்குமேல் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே செலுத்தவேண்டிய இந்தக் கட்டணத்தை, கொள்ளை நோயின் நடுவே ஆஸ்பத்திரிகளில் உயிரைப் பணயம் வைத்து உழைத்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுத் தாதியரிடமும் வசூலிப்பது நியாயமா என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டார். மே 20-ஆம் தேதி பிரதம மந்திரி அந்தக் கட்டணத்தை ஆதரித்துப் பேசினார். நாடெங்கும் எழுந்த மனக்கசப்பைக் கண்டு, சொந்தக் கட்சியினரே முணுமுணுக்க, மறுநாளே சுகாதாரப் பணியாளருக்கு அதை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்.

இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில் நிகழ்ந்த மனமாற்றம் ஒரு தனி மனிதருடைய விஷயமாக மட்டும் இருந்தால் அதைப்பற்றி எழுத அவசியம் இல்லை. தன் ஆஸ்பத்திரிகளை நடத்த வெளிநாட்டாரை அழைப்பதும், அழைக்கப்பட்டவர் வந்தபின் அவரைச் சந்தேகத்தோடு நோக்குவதும், சந்தேகம் சட்டமாகி ஆஸ்பத்திரிகள் ஆளின்றித் தவிக்கும்போது மீண்டும் கதவைத் திறப்பதும், ஒரு தேசம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் வழக்கமாகவே இருந்துவருகிறது. அந்த வழக்கத்தின் வரலாற்றைப் பொறுமையோடு படிப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். குடியேற்றத் தடை, நோயாளிக்கு வேண்டிய கைகளின் தேவையைக் குறைப்பதில்லை. அந்தக் கைகளுக்கு உரியவரின் உரிமையைத்தான் குறைக்கிறது.

சேவை பிறந்த காலம்

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் தாமும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவரான அனாய்ரின் பெவன் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. செல்வரும் ஏழையும் ஒரே வாசலில் நுழைந்து, கையிலிருந்து காசு கொடுக்காமல் சிகிச்சை பெறலாம் என்ற அந்த ஏற்பாடு, யுத்தத்தினால் நொந்துபோன ஜனங்களுக்கு ஒரு பெரும் வரமாக அமைந்தது. ஆனால் வரத்தைக் கொடுத்த சர்க்காரிடம் அதை நிறைவேற்றப் போதிய ஆட்கள் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான் ஜமெய்க்காவிலிருந்து புறப்பட்ட ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் டில்பரி துறைமுகத்தில் வந்து நின்றிருந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி குடியேற்ற நாடுகளின் மக்களும் பிரிட்டிஷ் பிரஜைகளே. ஆகையால் அவர்கள் வருவதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தாதித் தொழிலுக்கு அழைக்கப்பட்டு வந்தனர்.

வந்தவர்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் தாதிப் பயிற்சி இரு வகையாக இருந்தது. மூன்று ஆண்டுப் பயிற்சி பெற்றவர் பதவி உயர்வுக்கு உரியவர். இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்றவரோ வாழ்நாள் முழுவதும் உதவித் தாதியாகவே இருக்கவேண்டியவர். கரீபியப் பெண்களில் பலர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளக்கிச் சொல்லப்படாமலே, இரண்டாவது வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சான்றிதழுக்கு அவர்களுடைய சொந்த நாட்டிலே மதிப்பில்லை என்பது திரும்பிப்போக நினைத்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

வைத்தியர்களின் கதை இன்னொரு விதமானது. 1957-இல் வில்லிங்க் கமிட்டி, தேசத்தில் வைத்தியர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்று அஞ்சி, வைத்தியக் கல்லூரிகளில் மாணவர்களைச் சேர்ப்பதைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கும்படி சிபாரிசு செய்தது. ஜனத்தொகை வளர்ந்தது, மூப்பு வளர்ந்தது, வைத்திய சாஸ்திரமும் வளர்ந்தது, வைத்தியர் தொகை மட்டும் வளரவில்லை. பிரிட்டனில் பயின்ற வைத்தியர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். காலியான இடங்களை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் வந்து நிரப்பினார்கள். அவர்களுள் சென்னையிலும் கொழும்பிலும் பயின்ற தமிழர்களும் இருந்தார்கள். 1971-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் பணியாற்றிய வைத்தியர்களில் நூற்றுக்கு 31 பேர் வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே பட்டம் பெற்றவர்கள்.

இவர்களுக்கு லண்டனின் பெரிய போதனா ஆஸ்பத்திரிகளில் இருதய சிகிச்சை, சத்திர சிகிச்சை போன்ற கீர்த்திமிக்க துறைகளில் இடம் கிடைப்பது அபூர்வம். உள்ளூர் வைத்தியர்கள் விரும்பாத இடங்களே இவர்களுக்காகக் காத்திருந்தன. முதியோர் வைத்தியம், மனநோய் வைத்தியம், கரித்தூசி படிந்த தொழில் நகரங்களின் குடும்ப வைத்தியம் ஆகியவற்றை இவர்கள் ஏற்றார்கள். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒரு தலைமுறைக் காலம் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைச் சோதித்தவரும், அவன் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவரும், பேரனுக்குத் தடுப்பூசி போட்டவரும் தெற்காசிய வைத்தியர்களாகவே இருந்த ஊர்கள் பல. இன்று முதியோர் வைத்தியம் பிரிட்டனில் மதிப்புள்ள தனித்துறையாக விளங்குகிறதென்றால், அதற்கு அடித்தளம் இட்டதில் பெரும்பங்கு இவர்களைச் சாரும்.

இத்தனைக்கும் நடுவே, 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த சட்டங்கள் காமன்வெல்த் மக்களின் தடையற்ற பிரவேசத்தைப் படிப்படியாக மூடின. 1960 முதல் 1963 வரை சுகாதார மந்திரியாக இருந்து, வெளிநாட்டு வைத்தியர்களும் தாதியரும் தாங்கி நின்ற ஆஸ்பத்திரிகளை நிர்வகித்த இனாக் பவல்தான், 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரில் குடியேற்றத்துக்கு எதிராக அந்நாட்டையே குலுக்கிய பிரசங்கத்தைச் செய்தார். ஒரே மனிதருடைய வாழ்க்கையில் இவ்விரண்டும் இடம்பெற்றது, ஒரு தேசத்தின் மனநிலையையே நமக்குப் படம்பிடித்துக் காட்டுகிறது.

ஈஸ்ட் ஹாமில் காத்திருந்தவர்கள்

1975-ஆம் ஆண்டில், இந்திய வைத்தியப் பட்டங்களுக்குத் தானாகவே கிடைத்துவந்த அங்கீகாரம் நீக்கப்பட்டு, வெளிநாட்டு வைத்தியர்களுக்குத் தேர்வு வந்தது. தேர்வு வைப்பதில் குற்றம் காண்பதற்கில்லை. நோயாளியின் உயிரை ஒப்படைப்பதற்கு முன் வைத்தியரின் அறிவைச் சோதிப்பது எந்தச் சர்க்காருக்கும் கடமை. தேர்விலே தேறியவருக்கு வாசலைத் திறந்து காட்டிவிட்டு, அவர் படியேறியபின் வாசலை அடைத்தால் அதைத்தான் அநியாயம் என்று சொல்லவேண்டும். 2006-இல் நடந்தது அதுவே.

அதுவரையில் வெளிநாட்டு வைத்தியர்கள் பயிற்சிப் பதவிகளில் சேருவதற்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை என்று ஒரு விதி இருந்தது. அதை நம்பி, தேர்வுக்கட்டணத்தையும் விமானச் சீட்டையும் கடன் வாங்கிக் கட்டி, இந்திய இளைஞர்கள் பலர் லண்டனுக்கு வந்தார்கள். முருகன் கோயிலும் தமிழர் கடைகளும் நிறைந்த ஈஸ்ட் ஹாம் பகுதியில், ஓர் அறையில் பலராகத் தங்கி, தேர்வெழுதித் தேறி, ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2006 மார்ச்சில், முன்னறிவிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், அந்த விதி ரத்து செய்யப்படுவதாகச் செய்தி வந்தது. அது போதாதென்று, சுகாதார இலாகா ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு குறிப்பும் அனுப்பியது: பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய வைத்தியர் எவரும் கிடைக்காவிட்டால் மட்டுமே, உயர்திறன் குடியேற்றத் திட்டத்தில் முறைப்படி விசா பெற்று ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கும் வெளிநாட்டு வைத்தியர்களைப் பரிசீலிக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

இந்திய வம்சாவளி வைத்தியர்களின் சங்கம் நீதிமன்றத்துக்குச் சென்றது. சங்கத்திடம் பணமில்லை, அங்கத்தினர்கள் கைக்காசு போட்டு வழக்கை நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 2008 ஏப்ரல் 30-ஆம் தேதி, பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் நால்வர், சுகாதார இலாகாவின் குறிப்பு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு கையால் விசா கொடுத்து மறுகையால் அதன் பயனைப் பறிக்கக்கூடாது என்ற எளிய நியாயம் நிலைநாட்டப்பட்டது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் எத்தனையோ பேர் கடனோடு ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்கள் அமர்ந்திருக்கவேண்டிய நாற்காலிகளில் சில, பின்னர் பல ஆண்டுகள் தற்காலிக வைத்தியர்களுக்கு அதிக ஊதியம் கொடுத்து நிரப்பப்பட்டன.

எண்ணிக்கையின் வரம்பு

குடியேற்றத்துக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு வேண்டும் என்று சொல்லும்போது அது எவருக்கும் நியாயமாகவே தோன்றும். அந்த வரம்பு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரும் விதத்தைப் பார்த்தால்தான் அதன் உண்மை உருவம் தெரியும். 2011 ஏப்ரல் முதல், ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வரும் தொழில் வல்லுநர்களுக்கு ஆண்டுக்கு 20,700 விசாக்கள் என்று பிரிட்டிஷ் சர்க்கார் வரம்பு கட்டியது. இதை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் இடத்தைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால், பற்றாக்குறைத் தொழில்களுக்கு முதலிடமும், மற்றவர்களில் அதிகச் சம்பளம் பெறுவோருக்கு அடுத்த இடமும் தருவது என்று முறை வகுத்தார்கள். சம்பளமே தகுதியின் அளவுகோலாயிற்று.

2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று பிரிட்டிஷ் ஜனங்கள் வாக்களித்தபின், ஐரோப்பியத் தாதியரின் வருகை அடியோடு குறைந்தது. 2015–16-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து புதிதாகப் பதிவு செய்துகொண்ட தாதியர் ஒன்பதாயிரத்துக்கு மேல். 2017–18-இல் 805 பேர். இடையிலே வந்த ஆங்கிலத் தேர்வும் அதற்கொரு காரணம்தான். அதே சமயத்தில், 2017 முதல், இங்கிலாந்தில் தாதிப் படிப்பு மாணவர்களுக்குச் சர்க்கார் அளித்துவந்த உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. உள்நாட்டு விண்ணப்பங்களும் சரிந்தன. வெளியே வாசலை அடைத்த சர்க்கார், வீட்டுக்குள் இருந்த ஊற்றையும் மண் போட்டு மூடியதுபோல் ஆயிற்று.

ஐரோப்பாவிலிருந்து ஆள் வராததால் ஆஸ்பத்திரிகள் இந்தியாவையும் பிலிப்பைன்ஸையும் நாடின. 2017 டிசம்பரில் அந்த மாதாந்தர வரம்பு நிரம்பி வழிந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் அவ்வாறே. சில மாதங்களில், விசா கிடைப்பதற்கு 50,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் இருக்கவேண்டியதாயிற்று. இளம் வைத்தியரின் தொடக்கச் சம்பளம் அதை எட்டாது. ஆகவே, ஆஸ்பத்திரி தேர்ந்தெடுத்து, கடிதம் கொடுத்து, அவர்கள் பார்க்கவேண்டிய நோயாளிகளின் தேதிகளையும் குறித்துவைத்த பிறகு, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்களின் விசா விண்ணப்பங்கள் சில மாத காலத்திற்குள் நிராகரிக்கப்பட்டன. வங்கி உத்தியோகஸ்தரின் பெரிய சம்பளம் குழந்தை வைத்தியரின் சிறிய சம்பளத்தை வென்றது. கடைசியில் 2018 ஜூனில், உள்துறை மந்திரி சாஜித் ஜாவித் வைத்தியர்களையும் தாதியரையும் வரம்பிலிருந்து விலக்கினார். மூடிய வாசல் மீண்டும் திறந்தது. இடையில் காத்திருந்த நோயாளிகளுக்கு நஷ்டஈடு தருவார் எவருமில்லை.

சட்டம் பூட்டிய சங்கிலி

இதுவரை சொன்னவை படித்துப் பட்டம் பெற்றவர்களின் துயரம். இதைவிடக் கனத்த துயரம், முதியோர் இல்லங்களிலும் தனித்து வாழும் முதியோரின் வீடுகளிலும் வேலை செய்யும் பராமரிப்புப் பணியாளருடையது. விடியற்காலையில் சென்று நடமாட முடியாத கிழவரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, கஞ்சி ஊட்டி, படுக்கைத் துணி மாற்றும் இந்த வேலைக்கு அந்நாட்டில் கிடைப்பது சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குச் சற்றே மேற்பட்ட தொகை. உள்நாட்டார் இதைவிடக் கடைச் சிப்பந்தி வேலை மேல் என்று விலகினார்கள். 2021–22-இல் இங்கிலாந்தின் வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்புத் துறையில் ஏறக்குறைய 1,65,000 இடங்கள் காலியாகக் கிடந்தன.

2022 பிப்ரவரியில் சர்க்கார் இவ்வேலைக்கும் விசா அளிக்க முன்வந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். காலியிடங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. ஆனால் அந்த விசா ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவரிடம் வேலை போனால், வேறொரு முதலாளியைத் தேடிக்கொள்ள வழக்கமாக 60 நாள் தவணை. அதற்குள் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேறவேண்டும். இந்த ஒரு விதி எத்தனை தீமைகளுக்கு விதையாயிற்று என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. ஊரில் நிலத்தை விற்று ஏஜெண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு கொடுத்து வந்தவர், வாக்களித்த வேலை நேரம் கிடைக்கவில்லையென்றாலும், சம்பளத்தில் காரணமின்றிப் பிடித்தம் செய்யப்பட்டாலும், ஓர் அறையில் பலரை அடைத்து வாடகை வசூலிக்கப்பட்டாலும், வாய் திறந்தால் விசா போய்விடுமே என்ற பயத்தினால் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. விலங்கு காலில் இல்லை, கடவுச்சீட்டில் இருந்தது. மோசடி செய்த நிறுவனங்களை அதிகாரிகள் பிடிக்காமலும் இல்லை. 2022 ஜூலை முதல் 2024 முடிய 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. ஆனால் முதலாளியின் உரிமம் போனபோது, அவரால் ஏமாற்றப்பட்ட தொழிலாளியின் விசாவும் கூடவே ஆபத்துக்கு உள்ளாயிற்று. இவ்விதம் பாதிக்கப்பட்டவர்கள் 39,000-க்கு மேல். குற்றம் செய்தவர் அபராதத்தோடு போக, குற்றத்துக்கு இரையானவர் நாடு கடத்தப்படும் நிலையில் நின்றார்.

இதற்குச் சர்க்கார் கண்ட பரிகாரம், தொழிலாளிக்கு முதலாளியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தைக் கொடுப்பதாக இருந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 2024 மார்ச் 11-ஆம் தேதி முதல், புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ அழைத்துவரக்கூடாது என்று விதி வந்தது. பிறர் வீட்டுப் பெரியவர்களைப் பேணுவதற்கு வருபவள் தன் குழந்தையைப் பிறர் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பதே அதன் பொருள். 2025 ஜூலை 22-ஆம் தேதி முதல் வெளிநாட்டிலிருந்து இவ்வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வந்தவர்கள் ஐந்து ஆண்டில் நிரந்தர வாசம் பெறலாம் என்ற நம்பிக்கையோடு இருக்கையில், அதைப் பதினைந்து ஆண்டுகளாக நீட்டும் யோசனையை அதே ஆண்டு நவம்பரில் உள்துறை மந்திரி ஷபானா மஹ்மூத் வெளியிட்டார்.

படுக்கையும் வாசலும்

இதெல்லாம் வெளிநாட்டாரின் கஷ்டம்தானே, உள்நாட்டு நோயாளிக்கு என்ன வந்தது என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு ஆஸ்பத்திரியின் இயக்கத்தைச் சற்று விளக்கவேண்டும். இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒரு பாட்டிக்குச் சத்திர சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலே அவளைத் தூக்கி உட்காரவைக்க ஆளில்லை. முதியோர் இல்லத்திலும் இடமில்லை. அவள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கிடக்கிறாள். அந்தப் படுக்கை காலியாகாததால், அவசர சிகிச்சைப் பிரிவில் இருதய வலியோடு வந்தவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நடைவழியில் காத்திருக்கிறார். நடைவழி நிரம்பியதால், வாசலில் ஆம்புலன்ஸ் வண்டி நோயாளியை இறக்கமுடியாமல் நிற்கிறது. ஆம்புலன்ஸ் அங்கே நிற்பதால், பத்து மைல் தொலைவில் மயங்கி விழுந்த ஒருவர் வீட்டுக்கு அது போய்ச்சேருவதில்லை. 2023 ஜனவரியில், இவ்வாறு வீடு செல்லத் தகுதியிருந்தும் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் தங்க நேர்ந்தவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 14,000 பேர். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் வீட்டில் பராமரிக்க ஆளில்லாமை அவற்றுள் முக்கியமான ஒன்று. பராமரிப்புப் பணியாளர் ஒருவர் விமான நிலையத்தில் தடுக்கப்படும்போது, அவர் பெயரையே கேட்டிராத ஒருவருடைய ஆம்புலன்ஸ் தாமதமாகிறது.

குடியேற்றச் சட்டம் நோயாளியை நேராகவே தாக்குவதும் உண்டு. 2017 அக்டோபர் முதல், உரிமைப் பத்திரம் காட்டமுடியாதவரிடம், அவசரமல்லாத ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குச் சாதாரணச் செலவின் ஒன்றரை மடங்கை முன்பணமாகக் கேட்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டளை பிறந்தது. ஜமெய்க்காவிலிருந்து வாலிப வயதில் வந்து, 44 ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்து, வரியும் செலுத்திவந்த ஒருவரிடம், அவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்றபோது, பத்திரம் இல்லாத குற்றத்துக்காக 54,000 பவுண்டு கேட்கப்பட்டது. செய்தி வெளிவந்து நாடு கொதித்த பின்னர்தான் அவருக்குச் சிகிச்சை கிடைத்தது. விண்ட்ரஷ் தலைமுறையினர் என்று அழைக்கப்படும் இத்தகையோர் பலருக்கு நேர்ந்த அநீதியின் விளைவாக, 2018 ஏப்ரலில் உள்துறை மந்திரி ஆம்பர் ரட் ராஜிநாமா செய்தார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கவேண்டிய இடத்தில் அவனுடைய காகிதத்தைத் தொட்டுப் பார்க்கும் உத்தியோகம் புகுந்துவிட்டால், காய்ச்சல் வந்தவன் ஆஸ்பத்திரிக்கு வர அஞ்சுவான். அவன் அஞ்சி ஒளிந்தால் தொற்றுநோய் ஒளிந்திருக்காது, அது பக்கத்து வீட்டுக்கும் போகும்.

நியாயத்தின் மறுபக்கம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துச் சொல்லுவது அவசியம். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு. குறைந்த கூலிக்கு வெளிநாட்டார் கிடைக்கும்வரை கூலியை உயர்த்த முதலாளிக்கு மனம் வராது என்பதும் வெறும் வாதம் அல்ல. பராமரிப்புத் துறையில் அது கண்கூடு. சொந்த நாட்டு இளம் வைத்தியர்கள் பயிற்சி இடம் கிடைக்காமல் தவிக்கையில் அவர்களுடைய மனக்குறையை அலட்சியம் செய்வதும் சரியல்ல.

ஆட்களை இழக்கும் நாடுகளின் துயரமோ இன்னும் பெரிது. 1997-இல் நெல்சன் மண்டேலா, தென்னாப்பிரிக்காவின் தாதியரைப் பிரிட்டன் இழுத்துக்கொள்வதைப்பற்றி வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். 2010-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென ஒரு நடைமுறை நெறியை வகுத்தது. 2023-இல், ஆள் பற்றாக்குறையால் மிகவும் வாடும் 55 நாடுகளின் பட்டியலை வெளியிட்டு, அங்கெல்லாம் வலிந்து ஆள் திரட்டக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. கானாவின் கிராமத்துத் தாயிடமிருந்து அவளுடைய தாதியைப் பறித்து லண்டன் முதியவருக்குக் கொடுப்பது தர்மமாகாது.

இவ்வளவும் உண்மையே. ஆனால் இந்த உண்மைகளுக்குரிய பரிகாரம் எல்லைக் காவலில் இல்லை. தன் பிள்ளைகளுக்குத் தாதிப் படிப்பைச் சுலபமாக்கி, வைத்தியக் கல்லூரிகளையும் பயிற்சி இடங்களையும் பெருக்கி, முதியோரைத் தூக்கி உட்காரவைக்கும் கைகளுக்குக் கௌரவமான கூலி கொடுக்கும் தேசத்துக்கு, வெளிநாட்டாரை நாடவேண்டிய அவசியம் தானாகவே குறையும். அதற்குப் பணமும் பத்துப் பதினைந்து ஆண்டுப் பொறுமையும் வேண்டும். தடைச் சட்டத்துக்கோ ஒரு வாரப் பேச்சு போதும்; தேர்தலில் அதன் பலனும் உடனே கிடைக்கும். ஆகவே சர்க்கார்கள் முன்னதை ஒத்திப்போட்டுப் பின்னதைச் செய்கின்றன.

இன்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிரிட்டிஷ் பிரஜையல்லாதவர். பிரிட்டனில் பதிவு பெற்ற தாதியரில் நான்கில் ஒருவரும், வைத்தியர்களில் பத்தில் நால்வரும் வெளிநாட்டில் பயின்றவர்கள். கோவிட் நோயின் தொடக்கத்தில் அந்நாட்டில் முதன்முதலாக உயிரிழந்த பத்து வைத்தியர்களும் சிறுபான்மை இனத்தவர்கள்; அவர்களுள் வெளிநாட்டிலிருந்து வந்து பல ஆண்டுகள் சேவை செய்தவர்கள் இருந்தார்கள். இவர்களிடம் வேலை வாங்குவதற்கு ஒரு தேசத்துக்கு உரிமை உண்டென்றால், குடும்பத்தோடு வாழவும், கொடிய முதலாளியை விட்டு விலகவும், உழைத்த மண்ணில் உரிய காலத்தில் நிலைபெறவும் இவர்களுக்கும் உரிமை உண்டு.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தாதிப் படிப்பு முடித்த பெண்களை அயல்நாட்டுக்கு அனுப்பக் கனவு காணும் குடும்பங்கள் அநேகம். நகையை அடகு வைத்து ஏஜெண்டின் கையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன், வேலை கொடுப்பதாகச் சொல்லும் நிறுவனம் உரிமம் பெற்றதா என்று அந்த நாட்டுச் சர்க்கார் வெளியிடும் பட்டியலில் பாருங்கள். விசா எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, யாரை அழைத்துப்போகலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு போனவர் சொன்ன விதி இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பாதீர்கள். பிறருடைய தலைமாட்டில் நிற்கப் போகிறவள் நம் வீட்டுப் பெண். அவள் அங்கே கடனாளியாகவும் கைதியாகவும் நிற்காதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.